காவிரி நுழையும் மண்ணில் ஏன் எண்ணெய் இல்லை? – வாசகர் கேள்விகள்

பாலக்கோட்டில் இருந்து தக்காளி லோடு ஓட்டுகிறேன். கச்சா எண்ணெய் விலை இறங்கியது என்கிறார்கள். பங்க்கில் மட்டும் ஏன் இறங்குவதில்லை?

உங்கள் கோபம் நியாயமானது. 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தது. அந்த மே மாதமே மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. இறங்கிய விலை நம் கைக்கு வராமல் வரியாகப் போனது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் டீசலுக்கு மொத்தம் 16 ரூபாய் குறைத்தார்கள். அதற்குள் கச்சா எண்ணெய் எகிறிவிட்டது.

மாநில வரியும் உண்டு. அதே 2020 மே மாதம் தமிழ்நாட்டில் டீசல் மீதான வாட், அதாவது மாநில விற்பனை வரி, 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் என்று மாறியது. சதவீதமாவது விலையோடு ஏறி இறங்கும். இந்த 9.62 அசையாது. தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குப் போகும் நாளிலும் நீங்கள் அதைக் கட்டியாக வேண்டும் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நம் நாட்டிலேயே எண்ணெய் எடுத்தால் என்ன? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கிடைக்காதா? (ஊத்தங்கரை மாணவி)

உங்கள் ஊரில் போர்வெல் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆயிரம் அடி இறங்கினாலும் சாம்பல் நிறக் கல்மாவுதான் பறக்கும். அது பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பழம்பாறை. எண்ணெய் உருவாவதற்கு அடுக்கடுக்காகப் படிந்த வண்டல் பாறை வேண்டும். ஒகேனக்கல்லில் காவிரி விழுவது கெட்டிப் பாறை மேல். அதே ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் ஆழமான வண்டல் படுகை இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பது அதனால்தான்.

நாட்டின் பெரிய எண்ணெய் வயல் மும்பைக் கடலில் உள்ள மும்பை ஹை. 1974-இல் கண்டுபிடித்தது, இப்போது வயதாகிவிட்டது. 2009-இல் ராஜஸ்தானின் பார்மர் எண்ணெய் வயல் கைகொடுத்தது. 2011-12-இல் ஆண்டுக்கு 3.8 கோடி டன் வரை எடுத்தோம். அப்புறம் 3 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. இன்னொன்று: இங்கே எடுக்கும் எண்ணெயும் உலகச் சந்தை விலையை ஒட்டியே விற்கப்படுகிறது. உற்பத்தி கூடினால் அந்நியச் செலாவணி மிஞ்சும், பங்க் விலை தானாக இறங்காது.

ஓசூர்க்காரன் நான். எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளி போய் டீசல் போட்டால் லாபமா?

வேலையாகப் போகும்போது அங்கே விலை குறைவாக இருந்தால் போடுங்கள். அதற்கென்றே போனால் மிச்சம் வழியிலேயே எரிந்துவிடும். கேனில் மட்டும் பிடித்து வராதீர்கள்.

சிலிண்டர் மானியம் ஏன் வருவதில்லை? (அரூர் இல்லத்தரசி)

சமையல் கேஸிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2020 மே மாதத்துக்குப் பிறகு பொது இணைப்புகளுக்கு மானியம் ஏறக்குறைய நின்றே போனது. ஏழைக் குடும்பப் பெண்களுக்கான மத்திய அரசின் உஜ்வலா திட்ட இணைப்புக்கு, சிலிண்டருக்கு 2022-இல் 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ரூபாய் என்று வங்கிக் கணக்கில் போட்டார்கள். தகுதி இருந்தும் இணைப்பு வேறு வகையில் இருந்தால் ஏஜென்சியில் கேளுங்கள் அம்மா.

இருக்கும் கேஸையாவது முழுசாக வாங்குங்கள். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டி, கொண்டுவந்தவரின் தராசிலேயே நிறுக்கச் சொல்லுங்கள். எடை சரியாக இருந்த பிறகு பில்லில் உள்ள தொகையைக் கொடுங்கள்.