ஹூவர் அணையின் கான்கிரீட்டுக்குள் தொழிலாளர்களின் உடல்கள் புதைந்திருப்பது உண்மையா?

இல்லை, ஒருவர்கூட இல்லை. கட்டுமானத் தளங்களில் 12 ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் என்பதால் என்னிடம் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் குறுக்கே 221 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தச் சுவர் ஒரே வார்ப்பு அல்ல. கான்கிரீட் இறுகும்போது சூடு கக்கும். மொத்தத்தையும் ஒன்றாக ஊற்றியிருந்தால் அது ஆறுவதற்கே 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு தடவைக்கு 5 அடி உயரம் மட்டுமே போட்டார்கள். ஒரு பக்கெட் கான்கிரீட் கொட்டினால் மட்டம் சில அங்குலம்தான் ஏறும். ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் அதன்மேல் நின்று மிதித்துச் சமன் செய்தார்கள். அதற்குள் ஒரு மனிதர் அமிழ்ந்து காணாமல் போக வழியே இல்லை. 1933 நவம்பரில் சென்ட்ரிங் சரிந்து, கான்கிரீட்டோடு விழுந்து ஒருவர் இறந்தார். அவருடைய உடலையும் 16 மணி நேரம் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அணையில் மறைக்கப்பட்ட சாவுகள் உண்டு என்றே நான் நினைக்கிறேன். அவற்றை இறப்புப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

வேலையில் இறந்தவர்கள் 96 பேர் என்பது அரசுக் கணக்கு. ஆற்றில் மூழ்கியவர்கள், வெடியில் சிக்கியவர்கள், பாறை விழுந்து இறந்தவர்கள், லாரி மோதி இறந்தவர்கள் இதில் அடக்கம். வெயிலில் சுருண்டு விழுந்தவர்களும், நிமோனியா, இதயக் கோளாறு என்று எழுதப்பட்டவர்களும் இதில் சேர்த்தி இல்லை. நிமோனியா என்று எழுதப்பட்டவர்கள் மட்டும் 42 பேர்.

கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்குத் தொழிலாளர்களே வழி கண்டுபிடித்தார்கள். செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்தவர்கள், தங்கள் துணித் தொப்பிகளைத் தாரில் தோய்த்துக் காயவைத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். கல் விழுந்து தாடை உடைந்தபோதும் மண்டை தப்பியது. அதைப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் ஆயிரக்கணக்கில் கடினத் தொப்பிகளை வாங்கியது. நான் தினமும் அணிந்த ஹெல்மெட்டுக்கு முன்னோடிகளில் அந்தத் தார்த் தொப்பியும் ஒன்று.

சுரங்கத்தில் அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. ஆற்றைத் திருப்பிவிட, 1931இல் இரு கரைப் பாறைகளிலும் 56 அடி விட்டத்தில் நான்கு சுரங்கங்களைக் குடையத் தொடங்கினார்கள். உடைந்த பாறையை அள்ள பெட்ரோல் லாரிகள் உள்ளேயே ஓடின. சுரங்கத்துக்குள் அவற்றை ஓட்டக் கூடாது என்று நெவாடா மாநிலத்தில் சட்டம் இருந்தது. ஒப்பந்தம் எடுத்திருந்த சிக்ஸ் கம்பெனிஸ் நீதிமன்றத்துக்குப் போய், அந்தச் சட்டம் தன்மீது பாயாதபடி தடை வாங்கிக்கொண்டது. உள்ளே வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. லாரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கும், குமட்டும், கால் தளரும். காய்ச்சல் வருகிறது என்று நினைத்து ஆள் போய்ப் படுத்துவிடுவார்.

வேலையில் நேர்ந்த சாவு என்றால் இழப்பீடு தர வேண்டும். நிமோனியா என்றால் தர வேண்டியதில்லை. அதற்காகவே நிமோனியா என்று எழுதினார்கள் என்பது தொழிலாளர்களின் குற்றச்சாட்டு. வாயுவால் உடல் கெட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 1933இல் நடந்த விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கடைசியில், 1936 ஜனவரியில் 50 பேருடன் நிறுவனம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை.

இதை என்னால் பழங்கதையாகப் படிக்க முடியவில்லை. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், தேங்கிய நீரை இறைக்கக் குழிக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. பெட்ரோலில் ஓடும் பம்ப்செட்டை உள்ளேயே இறக்கி ஓடவிட்டிருந்தார்கள். என் அறிக்கையில் நச்சுவாயு என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து வந்த தாளில் மாரடைப்பு என்று இருந்தது. அந்தக் குடும்பத்துக்குப் போன பணமும் மாரடைப்புக்கு உரிய பணம்தான்.

சென்ற ஆண்டு அவருடைய மகன் என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தான். "சார், அப்பா நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லையே?" என்று கேட்டான். நான் எழுதிய அறிக்கையின் நகலை அன்று மாலையே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.