கன்னத்துப் படையும் கைக்குழந்தையும்

பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்கத் தேவையில்லை. பால் கொடுங்கள், கொஞ்சுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்திலும் உண்மையான பயம் ஒன்றுதான்: இரண்டு வருடமாகக் கன்னத்தில் இருக்கும் படை தோல் சயரோகமாக (காசநோயாக) இருந்தால், பத்து மாதக் குழந்தைக்கு ஒட்டிவிடுமா? சயம் பரவுவது நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போது. கன்னம் பட்டு அல்ல. ஆனால் தோலில் சயம் உள்ள சிலருக்கு நுரையீரலிலும் இருக்கும். அதனால் நெஞ்சு எக்ஸ்றே கட்டாயம். இருமல் இருந்தால் சளியும் சோதிக்கவேண்டும்.

இறால், நண்டு, கிரந்திச் சாப்பாடு எதுவும் இதற்குக் காரணமில்லை. கைபேசியில் பார்த்த புற்றுநோய்ப் படங்களை மூடி வையுங்கள்.

நான் கவனித்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: "நடுப்பகுதி தழும்பாகிவிட்டது, ஓரம் மட்டும் மெல்ல மெல்லப் பெருக்கிறது." நோவும் இல்லை, கடியும் இல்லை, படைமருந்துக்கும் அசையவில்லை. இதைப் பார்த்தபின் பயாப்சியை, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதை, தள்ளிப்போடக் கூடாது.

பார்மசியில் கேட்டு வாங்கிப் பூசும் கிறீமை இன்றே நிறுத்துங்கள். அதில் ஸ்டீரொயிட் இருக்கிறது. நாலு நாளில் சிவப்பு வடியும். கிருமி உள்ளே தன்பாட்டில் பரவும். மிச்சம் கிடந்த லீவோஃபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக்கை விழுங்கியது அதைவிட மோசம்: சயக்கிருமியை அரைகுறையாக அடக்கி, பரிசோதனையையும் குழப்பிவிடும்.

போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் விறைப்பூசி போட்டுச் சிறு துண்டு எடுப்பார்கள். எடுக்கவேண்டியது வளரும் ஓரத்தில். தழும்பில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பாதி ஃபோர்மலினில், மற்றது உப்புநீரில் போகவேண்டும். இரண்டையும் ஃபோர்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனை வீண். வளர்ப்பு முடிவுக்கு 6 முதல் 8 கிழமை ஆகலாம். தோலில் கிருமி குறைவு என்பதால் அது வளராமலும் போகும். "வரவில்லை" என்றால் "நோயில்லை" என்று எடுக்காதீர்கள். தொழுநோயா, மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாவா என்பதையும் இந்தத் துண்டில்தான் தேடுவார்கள். சயக்கிருமி உடலில் புகுந்ததா என்று தோலில் போட்டுப் பார்க்கும் மன்டூ ஊசி மட்டும் எதையும் நிரூபிக்காது, பிறந்தவுடன் பிசிஜி என்ற சயத் தடுப்பூசி போடும் நாடு இது.

சயம் என்று உறுதியானால் வழமையாக 6 மாத மருந்து: முதல் 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு. குளிசைக் கணக்கு உங்கள் நிறையைப் பொறுத்தது. அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. கைகால் விறைக்காமல் இருக்க விற்றமின் பி6 சேர்த்துத் தருவார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே போங்கள். ஒன்றரை மாதத்தில் படை வற்றத் தொடங்கும். பலர் மருந்தை விடுவது அப்போதுதான், நோய் திரும்புவதும் அதனால்தான். பழைய தழும்பு மறையாது. கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பவரானால் முதல் நாளே சொல்லுங்கள், சய மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும்.