வீட்டுக்கு லக்சரி வாசனை கேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்கணும்? அவ்ளோ காசுக்கு வொர்த்தா?

புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்திருக்கோம், ஹாலுக்கு நல்லதா ஒரு செண்டட் கேண்டில் வாங்கலாம்னு பார்த்தா ஆறாயிரம் ஏழாயிரம்னு சொல்றாங்க, எந்த பிராண்ட் வாங்குறதுன்னு கேட்டிருக்கீங்க. சென்னைன்னு வேற போட்டிருக்கீங்க. அதனால பிராண்டுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல ஒண்ணு சொல்லுங்க, கேண்டில் ஏத்தப்போற ரூம்ல ஃபேன் ஓடுமா?

ஏன்னா இந்த மாதிரி கேண்டில் டப்பா எதை எடுத்தாலும் அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், காத்து அடிக்குற இடத்துல வைக்காதீங்கன்னு. குளிர் ஊர்க்காரங்களுக்கு அது ஜன்னலோரமா வைக்காதன்னு அர்த்தம், நமக்கு மொத்த வீடுமே காத்து அடிக்குற இடம்தான். மேல ஃபேன் மூணுல ஓடிட்டு இருக்க கீழ டீப்பாய்ல ஏத்தி வச்சீங்கன்னா தீ ஒரு பக்கமா சாஞ்சு ஆடும், அந்தப் பக்கம் மட்டும் மெழுகு உருகும், இன்னொரு பக்கம் அப்படியே சுவரா நிக்கும், தீ ஒழுங்கா எரியாததால கரி கிளம்பி கண்ணாடியோட வாய் கருப்பாகும், வர்ற வாசனையும் ரூம்ல தங்காது. ஆறாயிரம் ரூபா கேண்டிலும் அறுநூறு ரூபா கேண்டிலும் ஃபேனுக்கு அடியில ஒரே மாதிரிதான் நடந்துக்கும், இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

அதனால நம்ம வீட்டுல கேண்டில் நல்லா வேலை செய்யுற இடம் எதுன்னா ஒண்ணு ஏசி ரூம், ஃபேனை நிறுத்திட்டு, ஏசி காத்து நேரா படாத மூலையில. இன்னொண்ணு பாத்ரூம், சிரிக்காதீங்க, சின்ன இடம், கதவை சாத்தலாம், ஃபேன் கிடையாது, 70 கிராம் சைஸ் கேண்டிலே போதும், விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி ஏத்தி வச்சா அவங்க வீட்டைப் பத்தி முதல்ல சொல்றதே அதுவாத்தான் இருக்கும். ஹால்தான் வேணும்னா யாராவது வர்றதுக்கு ஒரு மணிநேரம் ஒண்ணரை மணிநேரம் முன்னாடி ஜன்னலை சாத்தி, ஃபேனை நிறுத்தி, கேண்டிலை எரியவிட்டு, பெல் அடிச்சதும் அணைச்சுட்டு ஃபேனை ஒண்ணுல போட்டுக்கலாம், வாசனை திரைச்சீலையிலயும் குஷன்லயும் ஏறிருக்கும், ராத்திரி வரைக்கும் லேசா வந்துட்டே இருக்கும். அந்த ஒண்ணரை மணிநேரம் நீங்க எங்க இருப்பீங்கன்னு கேக்காதீங்க, கிச்சன்ல வேர்த்துக்கிட்டு இருப்பீங்க, எப்படியும் அங்கதானே இருக்கப்போறீங்க.

இதெல்லாம் முடியாது, ஃபேன் இல்லாம ஒரு நிமிஷம் உட்கார முடியாதுன்னா கேண்டில் வார்மர் லேம்ப்னு ஒண்ணு வருது, மேலருந்து ஒரு ஹாலஜன் பல்ப் கேண்டில் மேல சூடா வெளிச்சம் அடிக்கும், தீயே இல்ல, மேல்மெழுகு உருகி வாசனை வரும், புகை கரி எதுவும் கிடையாது, மெதுவா ஃபேன் ஓடுனாலும் தாங்கும். ஒரே விஷயம், வாசனை எண்ணெய் போயிடும், மெழுகு குறையாது, அதனால கொஞ்ச நாள் கழிச்சு வாசனை வரலன்னா உருகின மேல்மெழுகைத் துணியிலயோ டிஷ்யூவுலயோ ஒத்தி எடுத்துட்டு அடுத்த லேயருக்குப் போகணும். அந்த மெழுகை சிங்க்ல ஊத்திடாதீங்க, உள்ள போய் கெட்டியாகி அடைச்சுக்கும். தீ ஆடுற அழகு போயிடுச்சேன்னு சிலருக்கு வருத்தமா இருக்கும், எனக்கு அது பிரச்சனையே இல்ல.

சரி காசுக்கு வருவோம். டப்பாவுல கிராமும் எரியுற நேரமும் போட்டிருப்பாங்க. பாரிஸ் பிராண்டான டிப்டிக்கோட கிளாசிக் கேண்டில் 190 கிராம், சுமார் 60 மணிநேரம். லண்டன் பிராண்டான ஜோ மலோனோட ஹோம் கேண்டில் 200 கிராம், சுமார் 45 மணிநேரம். உங்க கையில இருக்குற விலையை இந்த மணிநேரத்தால வகுத்துப் பாருங்க, ஆறாயிரம் ரூபாய்க்கு 60 மணிநேரம்னா மணிக்கு நூறு ரூபா, அறுநூறு ரூபா கேண்டில் இருபது மணிநேரம் எரிஞ்சா மணிக்கு முப்பது. வித்தியாசம் பத்து மடங்கு மாதிரி தெரிஞ்சது மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேலதான். அந்த மூணு மடங்குக்கு என்ன கிடைக்குதுன்னா, ஒழுங்கா பண்ணின வாசனை, அதாவது ஏத்தினப்புறமும் டப்பாவைத் திறந்தப்ப வந்த அதே வாசனை வரும், அப்புறம் அந்த மெழுகுக்கும் கண்ணாடியோட அகலத்துக்கும் பொருந்துற திரி. மலிவு கேண்டில்ல பெரும்பாலும் சொதப்புறது திரிதான், ஒல்லியா இருந்தா நடுவுல மட்டும் குழி தோண்டிக்கிட்டு கீழ போகும், தடியா இருந்தா தீ பெருசா எரிஞ்சு புகையும். கண்ணாடி, டப்பா, பேர் இதுக்கும் காசு போகுது, இல்லன்னு சொல்லல.

பேர்னு சொன்னதும் வரலாறு சொல்லி விப்பாங்க. பாரிஸ்ல ட்ரூடோன் 1643ல ஆரம்பிச்சது, வெர்சாய் அரண்மனைக்கே மெழுகுவர்த்தி கொடுத்தவங்க. டிப்டிக் 1961ல மூணு நண்பர்கள் சேர்ந்து சென் ஜெர்மேன் தெருவுல துணி, சாமான்னு விக்கத் திறந்த கடை, 1963லதான் முதல் வாசனை கேண்டில்கள் வந்துச்சு, டீ, பட்டை, ஹாதார்ன்னு ஒரு பூ. பைரேடோங்கற பிராண்டை 2006ல ஸ்டாக்ஹோம்ல தொடங்கின பென் கோரம்முக்கு அம்மா வழியில இந்தியா. படிக்க நல்லாருக்கும், எனக்கும் புடிக்கும், ஆனா 1643ங்கறது மூக்குக்குத் தெரியாது.

மூக்கை எப்படி யூஸ் பண்றதுன்னு சொல்றேன். கடையில நேரா மெழுகு மேல மூக்கை வச்சு மோந்து பார்க்காதீங்க, பக்கத்துல சாம்பிள் மேல கவுத்து வச்ச கண்ணாடி இருந்தா அதோட உள்பக்கத்தை மோந்து பாருங்க, மூடி போட்ட கேண்டில்னா மூடியோட உள்பக்கம், வீட்டுல காத்துல பரவி வர்றப்ப எப்படி இருக்கும்ங்கறதுக்கு அதுதான் கிட்டக்க. ஒரு நாளைக்கு மூணு நாலுக்கு மேல பார்க்காதீங்க, அதுக்கப்புறம் எல்லாம் ஒரே சோப்பு வாசனையாத்தான் தெரியும். நடுவுல காப்பிக்கொட்டை நீட்டுவாங்க, உங்க முழங்கை மடிப்பை மோந்து பார்த்தாலே போதும். முக்கியமா, ஏத்தாதப்ப வர்ற வாசனை வேற, எரியுறப்ப வர்றது வேற. எலுமிச்சை ஆரஞ்சு மாதிரி வாசனையெல்லாம் டப்பாவைத் திறந்ததும் தூக்கலா இருக்கும், ஏத்தினப்புறம் சீக்கிரம் பறந்துடும், மரம், பிசின், சந்தனம் மாதிரி கனமான வாசனைங்கதான் சூட்டுல நின்னு பேசும். அதனால சின்ன சைஸ் இருந்தா முதல்ல அதை வாங்கி ஏத்திப் பாருங்க, அப்புறம் பெருசு.

எந்த வாசனைங்கறதுல என் கட்சி இதுதான், நம்ம வீட்டுல ஏற்கனவே இருக்குற வாசனையோட சண்டை போடாததா எடுக்கணும். காலையில தாளிப்பு, சாயந்திரம் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இதுக்கு நடுவுல வெனிலா, கேரமல், குக்கின்னு இனிப்பு கேண்டில் ஏத்தினா பெருங்காயத்தோட கேக் கலந்த மாதிரி ஆயிடும், அதுவும் சென்னை புழுக்கத்துல இனிப்பு வாசனை ரொம்ப கனமா தலையில ஏறும். பச்சை வாசனைங்க, அத்தி இலை, தக்காளி இலை, துளசி, வெட்டிவேர், இதெல்லாம் சமையல் வாசனைக்கு அப்புறம் அருமையா நிக்கும். லோயவேங்கற பிராண்ட்ல தக்காளி இலைன்னே ஒரு கேண்டில் இருக்கு, செடியைக் கிள்ளினா கையில ஒட்டுமே அந்த வாசனை. ஜோ மலோன்ல லைம் பேசில் மாண்டரின், டிப்டிக்ல ஃபிகியேன்னு அத்தி வாசனை, இது ரெண்டும் ஹாலுக்கு சேஃப். டிப்டிக்ல பேரு பெத்த கேண்டில் 'பே' (Baies), பிளாக் கரண்ட் இலையும் ரோஜாவும், எல்லாருக்கும் புடிக்கும்னு சொல்வாங்க, எனக்கு நல்ல வாசனைதான் ஆனா உயிரைக் கொடுக்குற அளவுக்கு இல்ல. ஃபு தெ புவான்னு விறகு வாசனை ஒண்ணு, குளிர் ஊர்ல கணப்படுப்பு ஞாபகம் வரும்போல, நம்ம வீட்டுல ஏத்தினா மாமியார் கிச்சன்ல எட்டிப் பார்ப்பாங்க.

மல்லிகை கேண்டில் ஆசை பலருக்கு இருக்கும், அதுல ஒண்ணு கவனிங்க. வெறும் ஜாஸ்மின்னு போட்டிருந்தா பிரெஞ்சுக்காரங்களுக்குப் பழக்கமானது கிராண்டிஃப்ளோரம், அது நம்ம ஜாதிமல்லி, பிச்சிப்பூ வகை. ஜாஸ்மின் சம்பாக்னு போட்டிருந்தாதான் நம்ம குண்டுமல்லி. ரெண்டுமே தமிழ்நாட்டுல விளைஞ்சு, இங்கயே சாறு எடுத்து, வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்குப் போகுது, அப்புறம் கண்ணாடியில ஏறி நமக்கே திரும்பி வருது. அதுக்குன்னு ஆறாயிரம் கொடுக்குறதுக்கு பூக்காரம்மாகிட்ட ரெண்டு முழம் வாங்கி ஹால்ல ஒரு தட்டுல வச்சுடலாம்னுதான் எனக்குத் தோணும். சம்பங்கி கேண்டிலும் அப்படித்தான், கல்யாண மண்டபத்துல உட்கார்ந்திருக்குற ஃபீல் வரும்.

படுக்கை ரூம்ல லேசானது எது வேணா, ஆனா தூக்கம் வர்றதுக்கு முன்னாடி அணைச்சுடுங்க. சாப்பாட்டு மேஜைல வாசனை கேண்டில் வேண்டவே வேண்டாம், மீன் குழம்புக்கு ரோஜா வாசனை யார் கேட்டா.

மெழுகைப் பத்தி நெட்ல பெரிய சண்டையே நடக்குது, சோயா நல்லது, பாரஃபின் விஷம்னு. பாரஃபின் பெட்ரோலியத்துல இருந்து வர்றதுதான், ஆனா பெரிய பேர் உள்ள கேண்டில் பலதுல அது கலந்துதான் இருக்கு, ஏன்னா வாசனையை நல்லா வெளிய விடும். கரி வர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் நீளமான திரியும் காத்தும்தான், சோயாவும் புகையும். நூறு சதவீதம் நேச்சுரல்னு எழுதியிருந்தா உடனே நம்பிடாதீங்க, லில்லி ஆஃப் தி வேலி மாதிரி பூவுல இருந்து வாசனை எண்ணெய் எடுக்கவே முடியாது, எல்லாம் லேப்ல கட்டின வாசனை, அதுல தப்பும் இல்ல. நான் பார்க்குறது என்னென்ன மெழுகு, எத்தனை கிராம், எத்தனை மணிநேரம்னு தெளிவா எழுதியிருக்காங்களா, திரி பருத்தியா, அவ்ளோதான். சோயா கேண்டில் மேல வெள்ளையா பூத்த மாதிரி இருந்தா கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அதோட இயல்பு அது.

வாங்கினப்புறம் முதல் தடவை ஏத்துறதுலதான் அந்தக் கேண்டிலோட தலையெழுத்து இருக்கு. மேல்மெழுகு கண்ணாடி ஓரம் வரைக்கும் முழுசா உருகுற வரைக்கும் அணைக்கக்கூடாது, ஒரு இன்ச் அகலத்துக்கு ஒரு மணிநேரம்னு கணக்கு, சாதாரண சைஸ்னா ரெண்டரை மூணு மணிநேரம் ஆகும். பாதியில அணைச்சா அந்த வட்டத்தையே அது ஞாபகம் வச்சுக்கும், அடுத்த தடவையும் அதுக்குள்ளயேதான் உருகும், ஓரத்து மெழுகு எல்லாம் வேஸ்ட். ஒவ்வொரு தடவை ஏத்துறதுக்கு முன்னாடியும் திரியை அரை சென்டிமீட்டர் விட்டுட்டு வெட்டிடணும், அதுக்குன்னு தனி கத்தரி ரெண்டாயிரத்துக்கு விப்பாங்க, நகவெட்டி போதும். நாலு மணிநேரத்துக்கு மேல ஒரேயடியா எரிய விடாதீங்க. அடியில ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க, அதுக்கு மேல எரிஞ்சா கண்ணாடி சூடேறி விரிசல் விடும்.

வாயால ஊதி அணைக்காதேன்னு வீட்டுல பாட்டி திட்டுவாங்க, கேண்டில் விஷயத்துல பாட்டி சொல்றது ரொம்ப சரி. ஊதினா மெழுகு தெறிக்கும், அணைஞ்ச திரியோட புகை நாத்தம் இவ்ளோ நேரம் வந்த வாசனையையெல்லாம் கெடுத்துடும். ஒரு குச்சியால திரியை உருகின மெழுகுல முக்கி எடுத்து நிமித்தி விடுங்க, புகையே வராது.

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவங்க, கூண்டுல கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தா இந்த வேலையே வேண்டாம், பூ போதும். மத்தவங்களும் அணைச்சப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்க.

உங்க பட்ஜெட் ஆறாயிரம்னா முழுசையும் ஒரே கேண்டில்ல போட வேண்டாங்கறது என் யோசனை. பேர் உள்ள பிராண்ட்ல பச்சை வாசனையா 70 கிராம் சைஸ் ஒண்ணு, அது ஏசி ரூமுக்கோ பாத்ரூமுக்கோ. தினசரிக்கு நம்ம ஊர்ல கையால ஊத்துறவங்க நிறைய பேர் வந்துட்டாங்க, பாண்டிச்சேரி பக்கம் போனா ஆரோவில் கடைகள்ல விலையும் நியாயமா இருக்கும், அங்க ஒண்ணு ரெண்டு. மிச்சக் காசுக்கு வார்மர் லேம்ப். பாதி விலைக்கு டிப்டிக்னு ஆன்லைன்ல ஏதாவது கண்ணுல பட்டா விட்டுடுங்க, டூப்ளிகேட் நிறைய சுத்துது, பிராண்டோட சொந்தக் கடை, இல்லன்னா ஃபாரின்ல இருந்து வர்றவங்ககிட்ட ட்யூட்டி ஃப்ரீல சொல்லி வாங்கலாம்.

ஆர்டர் போடுறது ஏப்ரல் மே மாசமா இருந்தா கொஞ்சம் தள்ளிப்போடுங்க, சோயா மெழுகு ஐம்பது டிகிரி பக்கத்துலயே உருகிடும், வெயில்ல நிக்குற கூரியர் வண்டிக்குள்ள அவ்ளோ சூடு சாதாரணமா வரும், ஒரு பக்கமா சாஞ்சு கெட்டியான கேண்டில்தான் வந்து சேரும். வீட்டுலயும் அலமாரிக்குள்ள, வெயில் படாம, மூடி போட்டு வைங்க. மேல எண்ணெய் முத்து முத்தா வேர்த்திருந்தா டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு ஏத்தலாம், ஒண்ணும் ஆகாது.