இழுப்பறையில் பூட்டிய நோட்டு

கேள்வி: அம்மா, எனக்கு 41 வயது. ஒரே நிறுவனத்தில் 13 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முன்பு எனக்கு மேலாளராக இருந்தவர் வேறு ஊரில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறார். அவர் என்னை அங்கே கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிறது. பொறுப்பு பெரியது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட 30 சதவீதம் குறைவு. மனைவியும் வேலைக்குப் போகிறாள். மகள் பள்ளியில் படிக்கிறாள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

அவசரப்படக்கூடாது என்று ஒரு நோட்டுப் போட்டு, போனால் என்ன நன்மை, இருந்தால் என்ன நன்மை என்று இரண்டு பக்கமும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இருப்பதற்கான பக்கத்தில் மகளின் படிப்புக்கு 7, மனைவியின் வேலைக்கு 6, அம்மாவின் வசதிக்கு 4. நோட்டை ஆபீஸ் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்; மதிய இடைவேளையில் எடுத்துத் திருத்துவேன். இன்றைய கணக்கில் போவதற்கு 71, இருப்பதற்கு 68. ஒன்பது பேரிடம் கருத்துக் கேட்டேன். ஐந்து பேர் போ என்கிறார்கள், நான்கு பேர் இரு என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, எனக்கு எதிலுமே சட்டென்று முடிவெடுக்க வருவதில்லை. நல்ல முடிவெடுக்க ஏதாவது முறை இருந்தால் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, அந்த நோட்டு ஏன் ஆபீசில் இருக்கிறது?

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சம்பளம், பொறுப்பு, மதிப்பெண், ஒன்பது பேர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் உங்கள் மனைவி இருக்கிறார் என்று ஓரிடத்திலும் இல்லை. நோட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். வேலையை விட்டுப் போகலாமா என்று யோசிக்கிற ஒருவர், அந்த நோட்டை எந்த ஆபீசை விட்டுப் போக நினைக்கிறாரோ அதே ஆபீசில் வைப்பாரா? யாராவது பார்த்தால் இருக்கிற வேலைக்கே சிக்கல் வருமே. அந்த ஆபத்துக்குக்கூட நீங்கள் பயப்படவில்லை. வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பயந்திருக்கிறீர்கள். எட்டு மாதமாக வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாகச் சொல்கிறேன் என்றால் மறுத்து எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரிக் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

‘முடிவான பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதுவரை அவளை எதற்கு வீணாகக் கவலைப்படுத்துவது’ என்பீர்கள். உங்களைப் போல எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், அன்போடுதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. வேறு ஊருக்கு வீடு மாற்றுவதும், இரண்டு ஆண்டு குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவதும் ஒருவர் முடிவெடுத்து மற்ற மூவருக்கு அறிவிக்கிற விஷயம் இல்லை. முடிவான பிறகு சொன்னால் அது தகவல். அதற்கு உங்கள் மனைவி என்ன பதில் சொன்னாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மனைவியின் வேலைக்கு 6 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த 6 எங்கிருந்து வந்தது? அந்த வேலை அவருக்கு என்னவாக இருக்கிறது என்று உங்களுக்கு உண்மையில் தெரியுமா? அதை விட்டுவிட வேண்டும் என்று அவரே உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் 6 அதிகம். அடுத்த ஆண்டு வரப்போகிற ஒரு பதவிக்காக அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் 6 அநியாயம். அம்மாவுக்கு 4. அவர் வழக்கமாகப் போகிற மருத்துவரை விட்டுப் போவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டீர்களா? கேட்காமல் போட்ட எண்கள் இவை. இவற்றையும் சேர்த்துக் கூட்டி 68 என்று எழுதி, 71 பெரிதா 68 பெரிதா என்று மதிய இடைவேளையில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். கேட்டு எழுதினால் அந்த மூன்று எண்களில் ஒன்று மாறினால்கூடக் கணக்கு தலைகீழாகிவிடலாம்.

நீங்கள் கேட்ட முறைக்கு வருகிறேன். உங்கள் இரண்டு பக்க நோட்டு புதியதில்லை. 1772 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கத் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனிலிருந்து தன் நண்பரும் விஞ்ஞானியுமான ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறை இருக்கிறது. பிரீஸ்ட்லியின் சிக்கலும் உங்களுடையதுதான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் போதகராக இருந்தவரை ஷெல்பர்ன் பிரபு தன்னிடம் வேலைக்குக் கூப்பிடுகிறார். போனால் ஊர் மாற வேண்டும், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகலாமா என்று பிராங்க்ளினிடம் கேட்கிறார். பிராங்க்ளின் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் நிலைமை எனக்கு முழுதாகத் தெரியாது, அதனால் என்ன முடிவெடுப்பது என்று என்னால் சொல்ல முடியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். தாளை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று மூன்று நான்கு நாட்களில் தோன்றத் தோன்ற எழுதச் சொன்னார். பிறகு இரண்டு பக்கமும் சம எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே வந்து, மிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஓரிரு நாட்களில் புதிதாக முக்கியமான எதுவும் தோன்றாவிட்டால் முடிவு எடுத்துவிடுவாராம்.

மொத்தம் ஒரு வாரம்கூட இல்லை. நீங்கள் எட்டு மாதம் எடுத்திருக்கிறீர்கள்.

பிரீஸ்ட்லி அடுத்த ஆண்டு ஷெல்பர்னிடம் போய்ச் சேர்ந்தார். 1774 ஆகஸ்டில் அந்தப் பிரபுவின் மாளிகை ஆய்வகத்தில்தான், நாம் இன்று ஆக்சிஜன் என்று சொல்கிற வாயுவைப் பிரித்தெடுத்தார். இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, போனால் நல்லது’ என்று நோட்டில் இன்னொரு மதிப்பெண் சேர்த்துவிடாதீர்கள். நல்லபடியாக முடிந்ததாலேயே ஒரு முடிவு சரியாக எடுக்கப்பட்டது என்று ஆகிவிடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பார்த்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் அப்பா வேலை மாற்றலை ஒத்துக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து, அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்றார். அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார். மீதித் துணியையும் மடித்து முடித்தார். போன இடத்தில் எங்களுக்கு எல்லாமே நன்றாக அமைந்தது. அப்பா உயர்ந்தார், நான் நல்ல பள்ளியில் படித்தேன், சொந்த வீடு வந்தது. 40 ஆண்டு கழித்து, அப்பா இறந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னார்: “கேட்டிருந்தாலும் நான் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.” அத்தனை ஆண்டும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் அப்பாவோடு வாழ்ந்திருக்கிறார். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

அதனால்தான் உங்களை இவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நோட்டை நீங்கள் முடிவெடுக்கப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். இந்த வேலையில் இருந்துகொண்டே அந்த வேலையைப் பற்றிக் கனவு காண அது ஒரு இடம். மதியத்தில் அரை மணி நேரம் அங்கே போய்விட்டு வருகிறீர்கள். வீட்டில் சொல்லிவிட்டால் அது கனவாக இருக்காது. எப்போது, எவ்வளவு, எங்கே தங்குவது என்று கேள்விகள் வரும், பதில் சொல்ல வேண்டியிருக்கும். மனைவி கவலைப்படுவார் என்பதைவிட அந்தக் கேள்விகளுக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள்.

அந்த ஒன்பது பேரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை விட்டுப் போனவர்கள் போ என்றிருப்பார்கள், போகாமல் இருந்தவர்கள் இரு என்றிருப்பார்கள். அவரவர் தாங்கள் செய்தது சரிதான் என்று உங்கள் மூலமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வருமானம் 30 சதவீதம் குறையப்போவதில்லை. அவர்களிடம் இனிமேல் தீர்ப்புக் கேட்காதீர்கள், தகவல் கேளுங்கள். முக்கியமாக உங்கள் முன்னாள் மேலாளரிடம் கேளுங்கள். புது வரவு ஒன்றும் இல்லாவிட்டால் கையில் இருக்கிற பணத்தில் நிறுவனம் எத்தனை மாதம் ஓடும்? இரண்டு ஆண்டு கழித்துச் சம்பளம் எவ்வளவு உயரும், அது எழுத்தில் இருக்குமா? எட்டு மாதத்தில் இவற்றைக் கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. இன்று சாயங்காலம் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொல்லுங்கள். முதலில் வேலையைப் பற்றி வேண்டாம். எட்டு மாதமாக மறைத்தேன், தப்பு என்று ஆரம்பியுங்கள். அவருக்குக் கோபம் வரும், வரட்டும். ‘உனக்காகத்தான் சொல்லவில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது அந்தக் கோபத்தை இரண்டு மடங்காக்கும். ஒருவேளை அன்றைக்கு அதற்குமேல் பேச முடியாமல் போகலாம். பரவாயில்லை, மறுநாள் பேசுங்கள்.

நோட்டை உடனே அவர் கையில் கொடுக்காதீர்கள். முதலில் அவர் தனியாக ஒரு பக்கம் எழுதட்டும். உங்கள் எண்களைப் பார்த்துவிட்டால் அவற்றைச் சுற்றியேதான் அவருக்கும் யோசனை போகும். அவர் எழுதி முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகிறது என்பதைவிட எங்கே மாறுகிறது என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று அவருடையதில் முதல் வரியாக இருக்கும். அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேச வேண்டும்.

அப்புறம் இன்னொரு வேலை செய்யுங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்பு அதிகாரிகள் நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன்பே, அது முழுதாகத் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணங்களை எழுதிப் பார்க்கும் முறையை அவர் 2007இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ‘தோற்குமா?’ என்று கேட்டால் ஆசைப்படுகிறவர் மழுப்பிவிடுவார். ‘தோற்றுவிட்டது, ஏன்?’ என்று கேட்டால் மனதில் அமுக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். நீங்கள் இருவரும் அப்படிச் செய்யுங்கள். போய் ஓராண்டு ஆகிவிட்டது, எல்லாம் கெட்டுவிட்டது. என்ன நடந்திருக்கும்? தனித்தனியாக எழுதுங்கள். பிறகு இன்னொரு தாளில், போகவில்லை, ஓராண்டு ஆகிவிட்டது, அதுவும் கெட்டுவிட்டது. இதையும் எழுத வேண்டும். இருந்த இடத்திலேயே இருப்பதும் ஒரு முடிவுதான், அதுவும் தோற்கும்.

உங்கள் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ‘உங்களுக்குச் சரிதானே அம்மா?’ என்று கேட்டால் எந்த அம்மாவும் சரி என்றுதான் சொல்வார். போனால் எது இல்லாமல் கஷ்டமாக இருக்கும் என்று கேளுங்கள். மகளிடமும் பேசுங்கள். ஆனால் முடிவை அவள் தலையில் வைக்காதீர்கள். அது உங்கள் இருவர் பொறுப்பு.

இதற்கெல்லாம் பத்து நாள் போதும். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் முன்பாக ஒரு தேதி குறித்துக்கொண்டு அன்றைக்கு இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். ஒருவர் முழு மனதாக வேண்டாம் என்றால் போகக்கூடாது என்பது என் எண்ணம். இது பழைய எண்ணம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். என்ன முடிவு, ஏன் எடுத்தோம், ஓராண்டில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதைத் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், நீங்கள் யோசித்தது சரியா, அல்லது அதிர்ஷ்டம் கைகொடுத்ததா என்று அப்போது தெரியும்.

எதிலுமே சட்டென்று முடிவெடுக்க வருவதில்லை என்றீர்களே, அது சின்ன விஷயம். மாற்றிக்கொள்ளக்கூடியதை உடனே முடிவு செய்யுங்கள், தப்பானால் மாற்றிக்கொள்ளலாம். எளிதில் திரும்பி வர முடியாததற்கு மட்டும் நேரம் எடுங்கள்.

போகலாமா, இருக்கலாமா என்று நான் சொல்லவில்லை என்று உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு உங்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். உங்கள் மனைவி எழுதுகிற பக்கத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், அவர் சம்மதித்தால் மட்டும். அப்போது என் கருத்தையும் சொல்கிறேன்.