யாரிடமிருந்து ஓடி வந்தாய்?

கேள்வி: அகதிகளுக்கு அடைக்கலம் தருவதில் உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்த நாடு அமெரிக்கா. ட்ரம்ப் என்ற ஒரு மனிதர் வந்து அந்தப் பெருமையைக் குலைத்துவிட்டார் என்ற வருத்தம் உங்களுக்கு இல்லையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: வருத்தம் இருக்கிறது. ஆனால் குலைந்துபோனதாக நீங்கள் சொல்லும் அந்தப் பெருமைக்கு வயது என்ன என்று கணக்குப் பார்த்துவிட்டு வருத்தப்படுவோமே.

நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையைத் திறந்தது 1886இல். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1882இல். விளக்கை ஏற்றுவதற்கு நான்கு வருடம் முன்பே தாழ்ப்பாள் போட்டாயிற்று. பிறகு 1924இல் ஒரு குடியேற்றச் சட்டம் வந்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்று கோட்டா வகுத்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 1890ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கு. 1920இல் எடுத்த புதிய கணக்கு கையில் இருக்கும்போது பழையதை ஏன் தூசி தட்டினார்கள்? இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருவாரியாக வந்து இறங்கியது 1890க்குப் பிறகு. சூட்சுமம் அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் அகதி என்ற பிரிவே கிடையாது. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரும் உத்தியோகம் தேடி வந்தவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசை என்ன செய்யும் என்பது 1939இல் தெரிந்தது. செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு ஜெர்மனியிலிருந்து கியூபாவுக்குப் புறப்பட்டது. ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள். ஹவானாவில் ஒரு சிலரை மட்டும் இறங்கவிட்டு, மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். கப்பல் வடக்கே திரும்பி புளோரிடா கரையோரமாக ஊர்ந்தது. தளத்தில் நின்றவர்களுக்கு மயாமி நகரத்து விளக்குகள் தெரிந்தன. அதிபர் ரூஸ்வெல்டுக்குத் தந்தி கொடுத்தார்கள். அவரிடமிருந்து பதில் இல்லை. வெளியுறவுத் துறையிடமிருந்து வந்த பதில், உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள் என்பது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டனும் பிரான்ஸும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் பயணிகளைப் பங்கு போட்டு ஏற்றுக்கொண்டன. மறு வருடமே, பிரிட்டன் நீங்கலாக, மற்ற மூன்று நாடுகளும் ஹிட்லரின் படையிடம் விழுந்தன. அந்தப் பயணிகளில் 254 பேர் யூத இனப்படுகொலையில் மாண்டார்கள்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளைக் கோட்டாவுக்கு வெளியே அழைத்துக்கொள்ள ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. இதில் தங்கள் கருத்து என்ன என்று கேட்டுத் தன் மேஜைக்கு வந்த குறிப்பின்மேல் ரூஸ்வெல்ட் எழுதினார்: 'கோப்பில் வைக்கவும், நடவடிக்கை வேண்டாம்.' நம் தாலுகா அலுவலகங்களில் நாம் பார்க்காத வாசகமா! மசோதா குழு அளவிலேயே செத்தது. ரூஸ்வெல்ட் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் இன்னும் தீராத காலத்தில், வெளிநாட்டார் வேண்டாம் என்ற வாக்காளர்களை எண்ணிப் பார்த்திருப்பார். எண்ணத் தெரிந்த அரசியல்வாதி.

போருக்குப் பிறகு, 1948இல், வீடிழந்து ஐரோப்பாவின் முகாம்களில் கிடந்தவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அதில் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் கழித்துக்கட்டும் நிபந்தனைகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகத் திட்டிக்கொண்டேதான் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து அதைத் திருத்தினார்கள்.

கதவு அகலத் திறந்தது பனிப்போரில். 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்ததும் சுமார் 38,000 ஹங்கேரியர்களை அமெரிக்கா அழைத்துக்கொண்டது. 1957இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்தோ மத்தியக் கிழக்கிலிருந்தோ தப்பி வந்தவரே அகதி. உனக்கு என்ன கொடுமை நடந்தது என்பது இரண்டாவது கேள்வி. யாரிடமிருந்து ஓடி வந்தாய் என்பதுதான் முதல் கேள்வி.

இதை நிரூபிக்க ஒரே கடலில் இரண்டு படகுகள் போதும். கியூபாவிலிருந்து வந்தவர்களுக்கு 1966இல் தனிச் சட்டமே போட்டார்கள். வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு கிடைக்கும். 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் வந்து இறங்கினார்கள். முணுமுணுப்பு இருந்தாலும் தங்கவைத்தார்கள். பக்கத்துத் தீவிலிருந்து வந்த ஹைட்டிக்காரர்கள் ஓடியது துவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரத்திலிருந்து. அந்தக் குடும்பம் அமெரிக்காவுக்கு வேண்டப்பட்ட குடும்பம். 1981 முதல் கடலோரக் காவல் படை அந்தப் படகுகளை நடுக்கடலிலேயே மறித்தது. பத்து வருடத்தில் மறிக்கப்பட்டவர்கள் இருபதாயிரத்துக்கு மேல். தஞ்சம் கேட்கத் தகுதி உண்டு என்று அதிகாரிகள் தேர்ந்தெடுத்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. எல் சால்வடோர், குவாதமாலா அரசுகளும் நட்பு அரசுகள்தான். 1984இல் அந்த நாட்டவர்களின் தஞ்ச மனுக்களில் ஏற்கப்பட்டது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு.

இத்தனைக்கும் இடையில் ஒரு நல்ல சட்டமும் வந்தது. அதை மறைத்தால் நான் யோக்கியன் அல்ல. 1980 மார்ச்சில் கார்ட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம், கம்யூனிஸ்ட் என்ற சொல்லை வரையறையிலிருந்து நீக்கியது. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காக நடக்கும் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்தவரே அகதி என்ற ஐ.நா.வின் வரையறையை ஏற்றது. அதற்குப் பிறகு அமெரிக்கா ஏற்றவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல். நெடுங்காலம், மறுகுடியமர்த்தலில், அதாவது முதலில் தஞ்சம் புகுந்த நாட்டிலிருந்து அகதியை அழைத்துவந்து குடிவைப்பதில், மற்ற நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஏற்றதைவிட அமெரிக்கா தனியாக ஏற்றது அதிகம். நீங்கள் சொல்லும் பெருமை இதுதான் என்றால், இருக்கட்டும், அது உண்மையான பெருமை.

ஆனால் அதே சட்டம் குழாயின் திருகை அதிபர் கையில் கொடுத்தது. வருடத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பை, நாடாளுமன்றத்தைக் கலந்துகொண்டு அவர் நிர்ணயிப்பார். கலந்துகொண்டால் போதும், சம்மதம் தேவையில்லை. முதல் வருடம் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த வருடம், 70,000 வரை அனுமதி இருந்தும், வந்தவர்கள் சுமார் 27,000. ஒபாமாவின் கடைசி முழு ஆண்டில் 85,000. ட்ரம்ப் திருகித் திருகி உச்சவரம்பை 15,000க்குக் கொண்டுவந்தார். பைடன் காலத்தில், 2024இல், மறுபடி ஒரு லட்சம். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ட்ரம்ப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த திருகை இறுக்கினார்.

(இந்தியா ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லையே, அதைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று அடுத்த வாரம் பத்துக் கடிதம் வரும். தனியாகக் கேளுங்கள், தனியாகவே திட்டுகிறேன்.)

திருகை இறுக்கினால் யார் தலையில் விழும் என்று பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகும் அகதி முகாமில் வருடக்கணக்கில் காத்திருக்கிறார். நேர்காணல், கைரேகை, மருத்துவச் சோதனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டுகிறார். ஒன்றின் காலக்கெடு முடிந்தால் மறுபடி அங்கிருந்து தொடங்க வேண்டும். விமான டிக்கெட்கூட இலவசமில்லை; அது கடன், போய்ச் சேர்ந்த சில மாதங்களில் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டும். 2025 ஜனவரியில் மறுபடி அதிபரான ட்ரம்ப் அகதிகளை அழைத்துக்கொள்ளும் திட்டத்தையே நிறுத்தியபோது, இதையெல்லாம் முடித்துப் பயணத் தேதியும் வாங்கியிருந்த ஆயிரக்கணக்கானோரின் பயணம் ரத்தானது. அவர்களில் ஆப்கானியர்களும் உண்டு.

அதே வருடம் மே மாதம், வாஷிங்டனுக்குப் பக்கத்தில், பனிப்போர்க் காலத்து வெளியுறவு அமைச்சர் டலஸின் பெயரைத் தாங்கிய விமான நிலையத்தில், அரசே அமர்த்திய விமானம் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையரான ஆஃப்ரிக்கானர்கள், 59 பேர். மனுப் போட்டதிலிருந்து வந்து சேரும்வரை அவர்களுக்குச் சில மாதங்களே பிடித்தன. 2026 நிதியாண்டுக்கு 2025 அக்டோபரில் அறிவித்த உச்சவரம்பு 7,500. அதிலும் பெரும்பங்கு அவர்களுக்கே. அன்று விமான நிலையத்தில் வெளியுறவுத் துணை அமைச்சரே நேரில் வந்து வரவேற்றார். குழந்தைகள் கையில் ஆளுக்கொரு சின்ன அமெரிக்கக் கொடி இருந்தது.