மார்ச் 7 எந்தப் புனிதர்களின் நாள்? தவக்காலத்தில் வருவதால் அதைக் கொண்டாடக் கூடாதா?

பெர்பெத்துவா, பெலிசித்தா. இருவரும் 203-ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று கார்த்தேஜ் நகரத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட வேதசாட்சிகள். அந்த ஊரின் இடிபாடுகள் இன்றைய துனீசியாவில், துனிஸ் நகரத்தை ஒட்டி இருக்கின்றன. கொண்டாடலாமா என்றால், தாராளமாகக் கொண்டாடலாம். பூசையில் எந்த அளவுக்கு என்பதற்கு மட்டும் ஒரு விதி உண்டு.

அந்தத் தேதியில் உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்க வேண்டும், பெயர் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் உங்கள் பெயரே இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். வேறு யாரும் இந்தத் தேதியைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் ஞானஸ்நானப் பெயர் பெலிசித்தா. அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

முதலில் விதி. நான் இறையியல் படித்தவள் இல்லை, ஆனால் இதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். தவக்காலத்து வார நாளில் ஒரு புனிதரின் நினைவு வந்தால் அது கட்டாயமில்லாததாகிவிடும். பூசையின் தொடக்கத்தில் வரும் திருக்குழும மன்றாட்டை மட்டும் அந்தப் புனிதருக்குரியதாகச் சொல்லலாம். வாசகங்கள் தவக்காலத்தினுடையவை. குருவின் உடுப்பும் ஊதாதான், வேதசாட்சிகளுக்குரிய சிவப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த மன்றாட்டும் இல்லை. பேதுருவின் தலைமைப்பீட விழா, சூசையப்பர் திருநாள், மங்கள வார்த்தை திருநாள் போன்றவை நினைவைவிட உயர்ந்த விழா, பெருவிழா என்ற நிலையில் இருப்பதால் அவற்றின் கணக்கு வேறு. மார்ச் 7 ஏறக்குறைய எல்லா வருஷமும் தவக்காலத்துக்குள்தான் வரும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 8, 9, 10 தேதிகளில் விழும் அபூர்வ வருஷங்களில் மட்டும் வெளியே நிற்கும். 2011 அப்படி ஒரு வருஷம்.

இன்னொன்றும் உண்டு. 1969 வரை மார்ச் 7 இறையியல் அறிஞரான புனித அக்குவினாஸ் தோமாவின் நாளாக இருந்தது, அவர் இறந்ததும் 1274 மார்ச் 7 அன்றுதான். அதனால் நம் புனிதர்கள் இருவரையும் 1908-இல் மார்ச் 6-க்குத் தள்ளி வைத்தார்கள். 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது தோமாவை ஜனவரி 28-க்கு மாற்றி, இவர்களுக்கு இவர்கள் உயிர்விட்ட தேதியையே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆக, “தவக்காலத்துல என்னம்மா திருநாள்?” என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். நான் வளர்ந்த பங்கில் எனக்கு அந்தப் பதில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் புனிதரின் நாளில் மறைக்கல்வி வகுப்பில் கதை சொல்வார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். என் நாளில் சிலுவைப்பாதைக்கு வரிசையில் நிற்கச் சொல்வார்கள். அதைவிட எரிச்சல், உறவுக்காரர் ஒருவர் என் அப்பாவிடம், “அடிமைப் பெண்ணோட பேரைப் போய் யாராவது பிள்ளைக்கு வைப்பாங்களா, பெர்பெத்துவான்னு வச்சிருக்கலாமே, அவங்க நல்ல குடும்பம்” என்று சொன்னது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா பதிலே சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் கதை மற்ற பழைய வேதசாட்சிகளின் கதை போன்றதில்லை. பெர்பெத்துவா சிறையில் தன் கையாலேயே எழுதி வைத்த குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி இன்றுவரை நிற்கும் எழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. அவளுக்கு வயது 22 இருக்கும், மணமானவள், கையில் பால்குடிக் குழந்தை. புருஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவளோடு பிடிபட்டவர்கள் பெலிசித்தா, ரெவோகாத்துஸ், சத்தூர்னினுஸ், செகுந்துலுஸ். இவர்களுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த சத்தூருஸ் தானாகவே வந்து சரணடைந்தார். பிடிபட்டபோது இவர்கள் யாரும் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை, காவலில் இருக்கும்போதுதான் பெற்றார்கள்.

நான் இதைப் படித்தது என் முதல் பிள்ளை பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயத்தில். பிள்ளை அம்மா வீட்டில். மத்தியானத்துக்குள் எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். வேலை செய்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை கிடையாது. கழிப்பறையில் நின்று பீய்ச்சிவிட்டு வந்து திரும்ப உட்காருவேன். அந்த நாட்களில் ஒரு ராத்திரி படிக்கிறேன், பெர்பெத்துவா எழுதுகிறாள்: சிறை இருட்டாக இருந்தது, இப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை, குழந்தையை நினைத்து நினைத்து வாடினேன். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க வழி செய்கிறார்கள். அங்கேதான் பசியில் சோர்ந்து கிடந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அப்புறம் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்கிறாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் அப்பா பிள்ளையைத் தர மறுத்துவிடுகிறார். பிள்ளையும் அதற்குமேல் பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பு வீங்கி வலிக்கவில்லை, இது கடவுள் செய்த உதவி என்று எழுதுகிறாள்.

இந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். இந்தக் குறிப்புகள் அவள் எழுதியவைதானா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் சிலர் உண்டு. சொல்லட்டும். பால் கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருத்தி எழுதியது இது. சாவைப் பற்றிய கணக்கில் இதையும் சேர்த்து எழுத அவளுக்குத்தான் தோன்றும்.

“பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டுச் சாகிறது ஒரு தாய் செய்கிற காரியமா?” என்று கேட்க வருகிறவர்களுக்கு: அந்தக் கேள்வியை அவளிடம் அவள் அப்பாவே கேட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விசாரணை மேடைக்கே வந்து கேட்டார். விசாரித்த ரோமை அதிகாரி ஹிலாரியானுஸும் கேட்டார்: அப்பாவின் நரையைப் பார், பிள்ளையின் வயசைப் பார், பேரரசர்களின் நலனுக்காக ஒரு பலி செலுத்திவிடு. அவள் மாட்டேன் என்றாள். அப்பாவைக் கோலால் அடித்தபோது தன்னை அடித்தது போல் வலித்தது என்று எழுதியிருக்கிறாள். கல்நெஞ்சக்காரி இப்படி எழுத மாட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற பேச்சுக்கே நான் போகவில்லை, அவளைத் தப்பாகப் பேசாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது பெலிசித்தா. அடிமை, எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது சட்டம். தன்னை மட்டும் பிறகு வேறு குற்றவாளிகளோடு சேர்த்துக் கொன்றுவிடுவார்களோ என்பதுதான் அவள் கவலை. எல்லோரும் சேர்ந்து மன்றாடுகிறார்கள், உடனே வலி எடுக்கிறது. அவள் கத்துவதைக் கேட்ட காவலன், இதற்கே இப்படி என்றால் மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய் என்கிறான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்கிறாள். பெண் குழந்தை பிறக்கிறது. கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி அதைத் தன் மகளாக வளர்க்கிறாள்.

சில நாட்களிலேயே, ரோமைப் பேரரசர் செவேருஸின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில், இருவரையும் ஒரு மூர்க்கமான பசுவின் முன்னால் விட்டார்கள். பசு தூக்கி எறிந்ததும், பெர்பெத்துவா எழுந்து கிழிந்த உடையைச் சரிசெய்து, கலைந்த முடியை முடிந்துகொண்டு, விழுந்து கிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள். பெலிசித்தா பெர்பெத்துவா வீட்டு அடிமை என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்கு மூலத்தில் ஆதாரம் இல்லை. ரெவோகாத்துஸோடு ஒரே வீட்டில் அடிமையாக இருந்தவள் என்றுதான் இருக்கிறது. பூசையில் குரு சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் வேதசாட்சிப் பெண்களின் வரிசை பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா என்று போகிறது. அடிமைப் பெண்ணின் பெயர்தான் முதலில். என் உறவுக்காரருக்கு இது போதும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன வருஷங்களில் ஒரு பூசையில், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, “பிள்ளை அழுதா வெளியே கொண்டு போங்க” என்று மைக்கிலேயே சொன்னார்கள். அவள் வெயிலில் மரத்தடியில் நின்றாள். எந்தக் கோவில், யார் சொன்னது என்பது வேண்டாம். பூசை நேரத்தில் அமைதி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், நானும் மூன்று பிள்ளை பெற்றவள். ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மூலை, ஒரு திரை, ஒரு நாற்காலி போட முடியாத அளவுக்கு நம் கோவில்கள் ஏழை இல்லை. கொடிமரத்துக்குச் செலவழிக்கிறோம், சீரியல் விளக்குக்குச் செலவழிக்கிறோம். அன்று அந்த இரண்டு திருத்தொண்டர்கள் காவலருக்குக் காசு கொடுத்தாவது ஒரு தாய்க்கு இடம் வாங்கித் தந்தார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முந்தின நாளே பங்குச் சாமியாரைப் பார்த்து, நாளைக்கு இவர்களுக்குரிய திருக்குழும மன்றாட்டைச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கூடவே முதலாம் நற்கருணை மன்றாட்டையும் கேளுங்கள். அதில் இந்தப் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் விட்டுவிட்டுப் படிக்கலாம், அதனால் பெயர்களையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் வீட்டில் இறைச்சி மட்டும் வேண்டாம், பாயசத்துக்குத் தடை இல்லை. பிள்ளைக்குப் பெலிசித்தா என்றே பெயர் வையுங்கள்.