மூளை நோய்க்கு ஏன் வயிற்றில் ஸ்கேன்?

வணக்கம். 22 வயதுத் தங்கைக்கு முதலில் மனநோய் என்றார்கள், அப்புறம் வலிப்பு வந்தது, இப்போது முதுகுத்தண்டு நீரில் என்எம்டிஏ ஆன்டிபாடி (உடலின் நோய் எதிர்ப்புப் புரதம், இங்கே மூளையையே தாக்குவது) இருக்கிறது, சூலகத்தை ஸ்கேன் எடுங்கள் என்கிறார்கள், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப்போடாமல் எடுங்கள். மூளைச் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் மூலம் பேசிக்கொள்கின்றன. அதை வாங்கும் வாசல்களில் ஒன்று என்எம்டிஏ ஏற்பி. நினைவுக்கும் கற்றலுக்கும் அது வேண்டும். சில இளம்பெண்களின் சூலகத்தில் டெரட்டோமா என்ற கட்டி வரும். அதற்குள் முடி, பல், சில சமயம் நரம்புத் திசுவே இருக்கும். அந்த நரம்புத் திசுவிலும் இதே ஏற்பி இருக்கும். அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி, மூளையிலுள்ள ஏற்பிகளையும் பிடித்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழு கண்டுபிடித்த இந்த நோய்க்கு என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி என்று பெயர். கட்டி இருந்தால் அதை எடுப்பதே சிகிச்சையில் பாதி.

என் அக்கா மகளுக்கும் இதேதான். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் இருக்காது, வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருக்கும். ஏழாவது வாரம் ஒரு காலையில் "காபி" என்றாள். ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் மறுபடி மேலே வரும், அதனால்தான் இவ்வளவு மோசமான நிலையிலிருந்தும் மீள முடிகிறது. 2013இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுவரை தொடரப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

கட்டி இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் (ஊசி வழியாக ஏற்றும் ஆன்டிபாடிக் கலவை) போதவில்லை என்றால், ரிட்டக்சிமாப் என்ற நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து பற்றி நரம்பியல் மருத்துவரிடம் சீக்கிரமே கேளுங்கள்.